ஸ்டாண்ட் அவுட்: எங்கே பாராட்டு, எங்கே உறுத்தல்

கேள்வி இதுதான்: "ஸ்டாண்ட் அவுட் என்றால் சிறந்து விளங்குவது என்று படித்திருக்கிறேன். ஆனால் ஒரு கட்டுரையில், அறிக்கையிலுள்ள ஒரு பிழையைச் சொல்லி அது ஸ்டாண்ட்ஸ் அவுட் என்று எழுதியிருந்தார்கள். பிழை எப்படிச் சிறந்து விளங்கும்? அப்புறம், இதற்குப் பின்னால் ஃப்ரம் போடுவதா, அமங் போடுவதா? ஸ்டிக் அவுட், செட் அபார்ட் இவையெல்லாம் இதே பொருள்தானா? வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தில் என்னைப் பற்றி இப்படி எழுதலாமா?"

பிழையிலிருந்தே தொடங்கலாம். ஸ்டாண்ட் அவுட் என்ற ஃப்ரேசல் வெர்ப் (ஒரு வினையும் அவுட் போன்ற ஒரு சிறு சொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தரும் தொடர்) சொல்வது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: சுற்றியிருப்பவற்றிலிருந்து வேறுபட்டிருப்பதால் ஒன்று தானாகவே கண்ணில் படுகிறது. அந்த வேறுபாடு நல்லதா கெட்டதா என்று அது சொல்வதில்லை. நல்ல பாடகியின் குரலும் ஸ்டாண்ட் அவுட் ஆகும், சுருதி விலகிய குரலும் ஆகும். சிறந்து விளங்குவது என்று அகராதிகள் போடுவது தவறில்லை, பல இடங்களில் அதுதான் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்தவர் பிழையைப் பற்றிய வாக்கியத்தில் முட்டிக்கொள்வார்.

இதை மனதில் பதியவைக்க அதன் பழைய, உடல் சார்ந்த பொருளைப் பார்ப்பது உதவும். கோபத்தில் ஒருவருக்கு நெற்றி நரம்பு புடைத்தால், "த வெயின்ஸ் ஸ்டுட் அவுட் ஆன் ஹிஸ் ஃபோர்ஹெட்" என்று இன்றைக்கும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். இங்கே பெருமை எதுவும் கிடையாது. ஒரு பரப்பு இருக்கிறது, அதை விட்டு ஒன்று வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அவுட் என்பது அந்த வெளித்தள்ளலைச் சொல்கிறது, ஸ்டாண்ட் என்பது அது அப்படியே நிலையாக இருப்பதைச் சொல்கிறது. அடுத்த படி, கண்ணுக்குப் புடைப்பாகத் தெரிவது. கருப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து உண்மையில் ஒரு இம்மி கூட மேலே எழும்பவில்லை, ஆனாலும் எழும்பினதுபோலத் தெரிகிறது. "த யெல்லோ லெட்டர்ஸ் ஸ்டாண்ட் அவுட் அகெய்ன்ஸ்ட் த பிளாக் பேக்கிரவுண்ட்." அதற்கடுத்த படிதான் குணம், திறமை, நடத்தை, நினைவு எல்லாம். பரப்பின் இடத்தில் ஒரு கூட்டம் வந்துவிடுகிறது, புடைப்பின் இடத்தில் அந்த ஒரு ஆள் வந்துவிடுகிறார்.

இந்த வழி ஆங்கிலம் மட்டும் போன வழி இல்லை. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த பல சொற்கள் இதே படத்தைத்தான் உள்ளே வைத்திருக்கின்றன. ப்ராமினன்ட், எமினன்ட் இரண்டுக்கும் அடிப்பொருள் வெளியே துருத்தி நிற்பது. எக்ஸ்டன்ட் என்றால் இன்று 'இன்னும் அழியாமல் இருக்கிற' என்று பொருள், அதன் லத்தீன் மூலமோ நேரடியாகவே 'வெளியே நிற்பது'. முனைப்பாகத் தெரிவதைச் சொல்லும் சேலியன்ட் குதிப்பதிலிருந்து வந்தது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எக்ரீஜியஸ். மந்தையை விட்டு வெளியே என்பது அதன் சொற்பிரிப்பு. லத்தீனில் அது பாராட்டு, 'ஆயிரத்தில் ஒருவர்' என்று நாம் சொல்வோமே அந்த மாதிரி. இன்றைய ஆங்கிலத்தில் எக்ரீஜியஸ் எரர் என்றால் மன்னிக்க முடியாத, அப்பட்டமான பிழை. மந்தையை விட்டு வெளியே நிற்பதை மெச்சவும் செய்யலாம், கண்டிக்கவும் செய்யலாம். அந்தச் சொல் தன் ஆயுளில் இரண்டையும் பார்த்துவிட்டது. ஸ்டாண்ட் அவுட் இன்னும் எந்தப் பக்கமும் முழுதாகச் சாயாமல் நடுவில் நிற்கிறது.

நடுவில் நிற்கிறது என்றேன், ஆனால் கொஞ்சம் சாய்வு உண்டு. அதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஆளையோ அவருடைய வேலையையோ அதே துறையில் இருப்பவர்களோடு வைத்து, வேறு எதுவும் சேர்க்காமல் "ஷி ஸ்டாண்ட்ஸ் அவுட்" என்று சொன்னால், கேட்பவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். எழுவாயாக ஒரு பிழை, ஒரு கறை, ஒரு இல்லாமை வந்தால் பொருள் தானாகவே மறுபக்கம் போய்விடும். உடை, பேச்சு, இடம் சம்பந்தப்பட்ட வாக்கியங்களில் பெரும்பாலும் சங்கடம்தான். எல்லோரும் சாதாரண உடையில் வந்த இடத்துக்கு ஒருவர் மட்டும் கோட் சூட்டில் வந்தால், "ஹி ஸ்டுட் அவுட்" என்பதில் மெச்சுதல் இருக்க வாய்ப்பு குறைவு. "ஐ டோன்ட் வான்ட் டு ஸ்டாண்ட் அவுட்" என்று ஒரு மாணவர் சொன்னால், சிறந்து விளங்க எனக்கு விருப்பமில்லை என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். எல்லோரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாம் என்கிறார் அவர்.

எழுதுகிறவர் தன் தீர்ப்பைத் தெளிவாகச் சொல்ல நினைத்தால் பின்னால் ஒரு துண்டைச் சேர்ப்பார். "ஸ்டாண்ட்ஸ் அவுட் ஆஸ் த பெஸ்ட்" என்றும் எழுதலாம், "ஸ்டாண்ட்ஸ் அவுட் ஆஸ் த வொர்ஸ்ட்" என்றும் எழுதலாம். இரண்டும் முழுச் சரி. வினையே பாராட்டாக இருந்திருந்தால் இரண்டாவது வாக்கியம் உளறலாகிவிடும். யாராவது உங்களோடு வாதாடினால் இந்த ஒரு சோதனை போதும். கெட்ட பக்கத்துக்கென்றே ஒரு மரபுத்தொடரும் இருக்கிறது: "ஸ்டாண்ட் அவுட் லைக் எ சோர் தம்." அடிபட்டு வீங்கிய கட்டைவிரல் மாதிரி உறுத்திக்கொண்டு தெரிவது. ஸ்டாண்ட் இடத்தில் ஸ்டிக் போட்டும் இதைச் சொல்வார்கள், சொல்லப்போனால் அது இன்னும் அதிகம் காதில் விழும். பாராட்டு வாக்கியத்தில் மட்டும் இந்தக் கட்டைவிரலைக் கொண்டுவராதீர்கள். "அவருடைய திறமை லைக் எ சோர் தம்" என்று எழுதினால் படிப்பவர் சிரிப்பார்.

இனி ப்ரெப்பொசிஷன். உண்மையில் சிக்கல் இங்கேதான் அதிகம். ஸ்டாண்ட் அவுட் வருகிற எந்த வாக்கியத்திலும் ஒரு பின்னணி ஒளிந்திருக்கும். ஆறடி உயரமுள்ளவர் சாதாரணக் கூட்டத்தில் தனியாகத் தெரிவார், தொழில்முறைக் கூடைப்பந்து அணியோடு நிறுத்தினால் காணாமல் போய்விடுவார். ஆள் மாறவில்லை, பின்னணி மாறியது. அந்தப் பின்னணி எது, அதற்கும் இவருக்கும் என்ன உறவு என்று சொல்லத்தான் ப்ரெப்பொசிஷன் வருகிறது. அதனால் ஃப்ரம் சரியா அமங் சரியா என்று கேட்பதை விட, நீங்கள் சொல்லவருவது எந்த உறவு என்று யோசிப்பது நல்லது.

ஃப்ரம் பிரித்துக் காட்டும். "ஹெர் எஸ்ஸே ஸ்டுட் அவுட் ஃப்ரம் த ரெஸ்ட்" என்றால் மற்ற கட்டுரைகள் ஒரு பக்கம், இவளுடையது இன்னொரு பக்கம். வேறுபாட்டுக்குத்தான் அழுத்தம். "ஸ்டாண்ட் அவுட் ஃப்ரம் த க்ரவுட்" என்ற தேய்ந்துபோன தொடரும் இதுதான். அமங் அப்படிப் பிரிப்பதில்லை. "ஷி ஸ்டாண்ட்ஸ் அவுட் அமங் ஹெர் ஜெனரேஷன்" என்றால் அவள் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவள்தான், அதற்குள்ளேயே மேலோங்கித் தெரிகிறாள். அதனால் ஒரு துறையின் முன்னோடிகளைப் பற்றி மதிப்போடு எழுதும்போது அமங் பொருத்தமாக உட்காரும், ஒரு பொருளைச் சந்தையில் போட்டியாளர்களிடமிருந்து பிரித்துக் காட்ட ஃப்ரம் பொருத்தம். பல வாக்கியங்களில் எதைப் போட்டாலும் இலக்கணம் ஒத்துக்கொள்ளும். நுணுக்கம் மட்டும் மாறும்.

இன் என்பது இடத்தைச் சொல்வது. "ஸ்டாண்ட் அவுட் இன் எ க்ரவுட்" என்றால் கூட்டத்தின் நடுவே இருந்தும் தெரிவது. நினைவைப் பற்றிப் பேசும்போதும் இன்தான்: "ஒன் டே ஸ்டாண்ட்ஸ் அவுட் இன் மை மெமரி." அகெய்ன்ஸ்ட் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பின்னணிக்கு: வானத்துக்கு எதிரே கோபுரம், சுவருக்கு எதிரே படம். ஆஸ் பற்றி மேலே சொல்லியாயிற்று, அது எந்த நிலையில் தெரிகிறது என்பதைச் சொல்லும். ஃபார் காரணத்தைச் சொல்லும்: "த ரிப்போர்ட் ஸ்டாண்ட்ஸ் அவுட் ஃபார் இட்ஸ் க்ளாரிட்டி", தெளிவு என்ற ஒரு குணத்தால் தெரிகிறது. இந்த ஃபார் வாக்கியத்தை நான் அதிகம் பரிந்துரைப்பேன். சும்மா ஸ்டாண்ட்ஸ் அவுட் என்று விட்டுவிட்டால் படிப்பவர் மனதில் "எதனால்?" என்ற கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும்.

டு என்பதும் ஒன்று இருக்கிறது. "வாட் ஸ்டுட் அவுட் டு மீ வாஸ் த சைலன்ஸ்", என் கவனத்தில் பட்டது அந்த மௌனம்தான். யாருடைய கண்ணில் பட்டது என்பதை டு சொல்கிறது. இதே இடத்தில் ஃபார் மீ என்றும் எழுதுவார்கள். டு மீ தப்பு என்று திருத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம், இரண்டும் நல்ல ஆங்கிலம்தான். தப்பு என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஆஃப்: "ஸ்டாண்ட்ஸ் அவுட் ஆஃப் த அதர்ஸ்" என்று எழுதக் கூடாது. அவுட் ஆஃப் என்று சேர்த்துப் பழகிய கை தானாக எழுதிவிடும், பார்த்து அடித்துவிட்டு ஃப்ரம் போடுங்கள்.

இலக்கணத்தில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு வசதி இருக்கிறது. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாத வினை என்று பள்ளியில் படித்திருப்போம். ஸ்டாண்ட் அவுட் குன்றிய வினை. எதை என்று அதைக் கேட்க முடியாது. அதனால் அதைச் செயப்பாட்டு வினையாக மாற்றவும் முடியாது. "ஷி வாஸ் ஸ்டுட் அவுட்" என்று எழுதுவது தவறு, "ஷி ஸ்டுட் அவுட்" போதும். "ஹிஸ் டேலன்ட் ஸ்டாண்ட்ஸ் அவுட் ஹிம்" என்பதும் தவறு. தனியாகத் தெரியும்படி செய்வது என்று சொல்ல வேண்டுமானால் மேக் வேண்டும்: "த பார்டர் மேக்ஸ் த டெக்ஸ்ட் ஸ்டாண்ட் அவுட்", "ஹிஸ் டேலன்ட் மேக்ஸ் ஹிம் ஸ்டாண்ட் அவுட்." இங்கே மேக் வந்த பிறகு ஸ்டாண்ட் என்ற அடிவடிவமே வரும். முன்னால் டு வராது, பின்னால் எஸ் வராது.

இறந்தகாலம் ஸ்டுட், ஸ்டேண்டட் என்று ஒன்று கிடையாது. குறில்தான், ஸ்டூட் என்று நீட்ட வேண்டாம். ஐஎன்ஜி வடிவம் இருக்கிறது, ஆனால் அளவோடு. இது ஒரு நிலையைச் சொல்லும் வினை. நெற்றியில் பொட்டு தெரிவதைத் 'தெரிந்துகொண்டிருக்கிறது' என்று நாம் சொல்வதில்லையே, அதே போல. "ஷி இஸ் ஸ்டாண்டிங் அவுட் டுடே" என்று விளையாட்டு வர்ணனையில் கேட்கலாம், அங்கே அந்த ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு மட்டும் பேசுகிறார்கள். ஒருவரின் பொதுவான குணத்தைச் சொல்லும்போது ஸ்டாண்ட்ஸ் அவுட்தான். அப்புறம் 'இஸ் ஸ்டாண்டிங் அவுட்' என்று எழுதியதை வெளியே நின்றுகொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. வெளியே நிற்பதற்கு ஸ்டாண்டிங் அவுட்சைட். இந்த இரண்டையும் குழப்புவது நம்மிடையே சகஜம், ஏனென்றால் அவுட் என்றாலே வெளியே என்று முதல் வகுப்பிலிருந்து படித்துவந்திருக்கிறோம்.

இன்னொரு கட்டமைப்பு. "இட் ஸ்டாண்ட்ஸ் அவுட் தட்..." என்று வாக்கியத்தைத் தொடங்கினால் இயல்பாக இருக்காது. "வாட் ஸ்டாண்ட்ஸ் அவுட் இஸ் தட்..." என்று திருப்பிப் போடுங்கள். கூட்டத்தில் ஒரு அறிக்கையைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது இந்த வடிவம் ரொம்பவே பயன்படும். எதிர்மறையிலும் அழகாக வரும்: "நத்திங் ஸ்டுட் அவுட்." குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் இல்லை. ஒரு நேர்காணலுக்குப் பிறகு ஒருவரைப் பற்றி இப்படிச் சொன்னால் மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்த வேலை அவருக்குக் கிடைப்பது சந்தேகம்தான்.

இதன் உறவினர்களுக்கு வருவோம். ஸ்டிக் அவுட் மிக நெருங்கியது, கொஞ்சம் முரட்டுத்தனமானது. துருத்திக்கொண்டிருப்பது என்ற உடல் சார்ந்த பொருள் அதில் இன்னும் சூடாக இருக்கிறது. சட்டை வெளியே தொங்குவது, காது விடைத்திருப்பது, நாக்கை நீட்டுவது எல்லாம் ஸ்டிக் அவுட். அதனால் ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால் பொருந்தாமல் நிற்பது என்ற வாடை வரும். பாராட்ட நினைத்தால் ஸ்டாண்ட் அவுட்டைப் பிடித்துக்கொள்வது பத்திரம்.

செட் அபார்ட் வேறு கட்டமைப்பு, இதைத்தான் அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஸ்டாண்ட் அவுட்டில் ஆள் எழுவாய். செட் அபார்ட்டில் ஆளைத் தனித்துக் காட்டும் குணம் எழுவாய், ஆள் செயப்படுபொருள். "ஹிஸ் பேஷன்ஸ் செட்ஸ் ஹிம் அபார்ட் ஃப்ரம் அதர் டீச்சர்ஸ்": பொறுமைதான் அவரை மற்ற ஆசிரியர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது. ஆள் வினைக்கு நடுவில், செட்டுக்கும் அபார்ட்டுக்கும் இடையில் உட்காருவதைப் பாருங்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஸ்டாண்ட் அவுட் ஆவதற்குப் பார்க்கிற கண் வேண்டும். செட் அபார்ட்டுக்கு அது தேவையில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லோரையும் போலவே இருக்கிற ஒருவரை, ஆழத்தில் இருக்கிற ஒரு குணம் வேறுபடுத்தலாம். அவர் ஸ்டாண்ட் அவுட் ஆகவே மாட்டார், ஆனால் செட் அபார்ட்தான்.

சிங்கிள் அவுட்டில் வேறொருவர் வந்து பொறுக்கியெடுக்கிறார். பாராட்டவும் எடுக்கலாம், திட்டவும் எடுக்கலாம். "ஹி வாஸ் சிங்கிள்ட் அவுட் ஃபார் ப்ரைஸ்", "ஹி வாஸ் சிங்கிள்ட் அவுட் ஃபார் ப்ளேம்" இரண்டும் வரும், இங்கே செயப்பாட்டு வினை தாராளமாக வரலாம். டெல் அபார்ட்டில் எழுவாய் பார்ப்பவரே. இரட்டையர்களைப் பற்றி "ஐ கான்ட் டெல் தெம் அபார்ட்" என்பார்கள், எனக்கு எது யார் என்று அடையாளம் தெரியவில்லை. ஸ்டாண்ட் அபார்ட் என்பது தள்ளி நிற்பது. தனித்தன்மை என்றும் வரும், ஒட்டாமல் விலகி நிற்பது என்றும் வரும். அதில் கொஞ்சம் தனிமை கலந்திருக்கும்.

ஒட்டி எழுதினால் ஸ்டாண்ட்அவுட் பெயர்ச்சொல்லாகவும் பெயரடையாகவும் ஆகிவிடும். "எ ஸ்டாண்ட்அவுட் பெர்ஃபார்மன்ஸ்", "ஷி வாஸ் த ஸ்டாண்ட்அவுட்." இங்கே வினையில் இருந்த நடுநிலை போய்விட்டது, ஏறக்குறைய எப்போதும் பாராட்டுதான். உச்சரிப்பும் மாறும். வினையாக வரும்போது அழுத்தம் அவுட் மேல், பெயராக வரும்போது ஸ்டாண்ட் மேல். வேகமாகப் பேசும்போது ஸ்டாண்டின் கடைசி ஒலி அடுத்த சொல்லோடு ஒட்டி ஸ்டேன்டவுட் என்று கேட்கும், ஸ்டுட் அவுட்டும் ஸ்டுடவுட் ஆகிவிடும். இரண்டு சொல்லாகக் காதில் விழும் என்று காத்திருந்தால் கேட்டும் புரியாது.

அதே இரண்டு துண்டுகளைத் திருப்பிப் போட்டால் அவுட்ஸ்டாண்டிங். இது தனிக் கதை. மிகச் சிறந்த என்றும் பொருள், இன்னும் கட்டாத, முடியாத என்றும் பொருள். அவுட்ஸ்டாண்டிங் ஸ்டூடன்ட் என்றால் மகிழலாம், அவுட்ஸ்டாண்டிங் பேலன்ஸ் என்றால் பணத்தைக் கட்ட வேண்டும். முதலில் பார்த்த நெற்றி நரம்புதான் இரண்டுக்கும் விளக்கம்: ஒன்று மட்டத்தை விட்டு எழும்பி நிற்கிறது, மற்றொன்று கணக்கில் சமப்படுத்தப்படாமல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு தன் நான்கு தரங்களில் உச்சத்துக்கு இந்தச் சொல்லையே பல ஆண்டுகள் வைத்திருந்தது. ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் அடக்கும் அந்த முறை அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளுக்கு 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. வினைக்கும் இந்தப் பெயரடைக்கும் உள்ள தூரத்தை மறக்காதீர்கள். "ஹிஸ் மிஸ்டேக் ஸ்டாண்ட்ஸ் அவுட்" சரி, "ஹிஸ் மிஸ்டேக் இஸ் அவுட்ஸ்டாண்டிங்" என்றால் கிண்டல்.

நினைவைப் பற்றிய பயன்பாட்டுக்கு உளவியலில் ஒரு பின்னணி இருக்கிறது. ஹெட்விக் வான் ரெஸ்டார்ஃப் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1933இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகையான உருப்படிகள் கொண்ட வரிசையில் வேறு வகையான ஒன்றை நுழைத்தால் அது மற்றவற்றை விட நன்றாக நினைவில் தங்குகிறது என்று காட்டினார். இன்றும் அந்த விளைவு அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. கண் பார்வையில் இதையொத்த ஒன்றை ஆன் ட்ரீஸ்மனும் கேரி ஜெலேடும் 1980இல் முன்வைத்த கோட்பாட்டில் பார்க்கலாம்: பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் புள்ளி இருந்தால், பச்சைப் புள்ளிகள் எத்தனை இருந்தாலும் சிவப்பைத் தேட வேண்டியதில்லை, அது தானே வந்து கண்ணில் விழுகிறது. ஸ்டாண்ட் அவுட் என்ற வினையில் தேடுவது என்ற முயற்சிக்கு ஏன் இடமில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒன்றைக் கஷ்டப்பட்டுத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு அது ஸ்டுட் அவுட் என்று எழுதினால் வாக்கியம் தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொழிபெயர்ப்புகளில் எல்லா இடத்திலும் 'தனித்து நிற்கிறது' என்று போட்டுவிடுகிறார்கள். துணையில்லாமல், கூட்டணியில்லாமல் நிற்பதற்கும் அதையேதானே சொல்கிறோம்? ஒரு கட்சி தேர்தலில் தனித்து நிற்கிறது என்றால் யாரும் அதை ஸ்டாண்ட்ஸ் அவுட் என்று புரிந்துகொள்ள மாட்டார்கள். 'தனித்துத் தெரிகிறது' என்றால் பார்ப்பவரின் கண்ணும் உள்ளே வந்துவிடுகிறது, பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு நம்மிடம் ஏராளமான சொற்கள் இருக்கின்றன, ஆங்கிலம் ஒரே வினையில் அடைத்ததை நாம் பிரித்துப் பிரித்துச் சொல்கிறோம். நிறம் என்றால் எடுப்பாகத் தெரிகிறது, பளிச்சென்று இருக்கிறது. சுவை என்றால் தூக்கலாக இருக்கிறது. நரம்பு என்றால் புடைக்கிறது. பிழை என்றால் உறுத்துகிறது, கண்ணைக் குத்துகிறது. பொருந்தாத உடையோ கட்டடமோ துருத்திக்கொண்டு நிற்கிறது. திறமை என்றால் மேலோங்கி நிற்கிறது, நினைவு என்றால் மனதில் நிற்கிறது. நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பைத் தமிழ் பெரும்பாலும் வினையிலேயே வைத்துவிடுகிறது, ஆங்கிலம் அதை வாக்கியத்தின் மற்ற பகுதிக்கு விட்டுவிடுகிறது. பிழை எப்படிச் சிறந்து விளங்கும் என்று உங்களுக்குத் தோன்றியது இதனால்தான். தமிழ் காது வினையிலேயே தீர்ப்பைத் தேடியது.

கடைசியாக விண்ணப்பக் கடிதம். "ஐ ஸ்டாண்ட் அவுட் ஃப்ரம் அதர் கேண்டிடேட்ஸ்" என்று எழுத வேண்டாம். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் தனித்துத் தெரிகிறாரா என்று பார்ப்பது வாசிப்பவர் வேலை, அதை விண்ணப்பதாரரே அறிவித்துவிட்டால் அது எடுபடாது. போதாததற்கு மற்ற விண்ணப்பதாரர்களை நீங்கள் பார்த்ததே இல்லை, எந்தப் பின்னணியை வைத்து அளந்தீர்கள்? எல்லோரும் இதையே எழுதுவதால் இந்த வாக்கியமே கூட்டத்தில் கரைந்துபோகிறது என்பது இன்னொரு வேடிக்கை. "வாட் செட்ஸ் மீ அபார்ட் இஸ்..." என்பது கொஞ்சம் தேவலாம், அங்கே குணம் எழுவாய் என்பதால் அதற்குப் பிறகு ஏதாவது உருப்படியாகச் சொல்லியே ஆக வேண்டும். அதுவும் தேய்ந்த தொடர்தான். அந்த முன்னுரையை வெட்டிவிட்டு, செய்த வேலையை நேராக எழுதுங்கள்: இந்த அமைப்பை நான் உருவாக்கினேன், அது இந்தப் பிரச்சினையைத் தீர்த்தது என்று. ஸ்டாண்ட் அவுட்டைப் பிறரைப் பற்றிய பரிந்துரைக் கடிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். "அமங் த ஸ்டூடன்ட்ஸ் ஐ ஹேவ் டாட், ஷி ஸ்டாண்ட்ஸ் அவுட் ஃபார் த கேர் ஷி டேக்ஸ் வித் எவிடன்ஸ்." நான் பாடம் நடத்திய மாணவர்களில், ஆதாரங்களைக் கையாள்வதில் காட்டும் கவனத்தால் இவர் தனித்துத் தெரிகிறார். பின்னணியும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது, சொல்பவரும் வேறொருவர்.

பழைய ஆங்கில நூல்கள் படிப்பவராக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே "த ஷிப் ஸ்டுட் அவுட் டு ஸீ" என்று வந்தால் கப்பல் யார் கண்ணிலும் எடுப்பாகத் தெரியவில்லை, துறைமுகத்தை விட்டு ஆழ்கடலை நோக்கிக் கிளம்பிவிட்டது. "ஸ்டுட் அவுட் அகெய்ன்ஸ்ட் த ப்ரப்போசல்" என்றால் அந்த யோசனையை விடாப்பிடியாக எதிர்த்தார், "ஸ்டுட் அவுட் ஃபார் எ பெட்டர் ப்ரைஸ்" என்றால் நல்ல விலை கேட்டு இறங்கிவராமல் நின்றார். அந்த இடங்களில் நான் மேலே அகெய்ன்ஸ்ட், ஃபார் பற்றிச் சொன்னதெல்லாம் செல்லாது.